யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கூட்டுறவு முயற்சிகள்: முகாமை ஒழுங்கும் நிலைபேறான வளர்ச்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

ஒரு வணிக முயற்சி எவ்வாறு தோன்றியது என்ற வினாவுக்கு விடை காண்பது அத்துணை கடினமன்று. முதல் கிடைத்தது, சந்தை திறந்தது, துணிவுடைய சிலர் முன்வந்தனர் எனக் காரணங்களை வரிசைப்படுத்தலாம். அம்முயற்சி தோன்றிய வேகத்தில் மறைந்துவிடாது, ஒரு தலைமுறைக்கு மேலாக நிலைத்து வளர்ந்தது எதனால் என்பதே கடினமான வினா. இதற்கான விடை பெருந்தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளில் அகப்படுவது அரிது. கணக்கேடு நாள்தோறும் எழுதப்பட்டதா, கடன் எத்தேவைக்கு எவ்வளவு காலத்துக்கு வழங்கப்பட்டது, ஆதாயத்தில் எப்பகுதி ஒதுக்கி வைக்கப்பட்டது, தவணை தவறியவர் செல்வாக்குடையவராயின் அவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதா என்பன போன்ற அன்றாட நடைமுறைகளிலேயே அவ்விடை மறைந்து கிடக்கின்றது.

முகாமை ஒழுங்கு என்பது பொதுவாக முகாமையாளர் ஒருவரின் தனிப்பட்ட குணச்சிறப்பாகவே பேசப்படுகின்றது. நேர்மையும் கண்டிப்பும் உழைப்பும் வாய்ந்த ஒருவர் கிடைத்தால் நிறுவனம் தழைக்கும் என்பது இந்நோக்கின் சாரம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கூட்டுறவு வரலாறு இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. அங்கு நிலைத்த வளர்ச்சியைத் தந்தது தனிமனித ஒழுக்கம் மட்டுமன்று. கணக்கைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் உறுப்பினருக்கு இருந்த உரிமையும் வாய்ப்புமே அதன் அடித்தளமாக அமைந்தன. அவ்வுரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற கேள்வியை இதிலிருந்து பிரித்து நோக்க முடியாது. இவ்விரு விடயங்களையும் இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலமும் புகையிலையும் கடனும்

கூட்டுறவு இயக்கம் குடாநாட்டில் வேரூன்றிய சூழலை விளங்கிக்கொள்வதற்கு, புகையிலைச் செய்கையின் பொருளாதாரத்தை முதலில் நோக்குதல் வேண்டும். ஆறுகள் அற்ற சுண்ணக்கல் நிலத்தில், கிணற்று நீரை நம்பி, மாட்டெருவும் குழையும் இட்டு வளம்படுத்திய செம்மண் தோட்டங்களில் யாழ்ப்பாணத்து உழவர் புகையிலையைப் பணப்பயிராக விளைவித்தனர். ஒல்லாந்தர் காலத்திலேயே இப்புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. மலையாள நாட்டில் வெற்றிலையோடு மெல்லுவதற்கு விரும்பப்பட்ட இவ்வகைப் புகையிலை அங்கு இன்றும் யாழ்ப்பாணத்தின் பெயராலேயே வழங்கப்படுவதுண்டு. திருவிதாங்கூர் அரசு 1863 இல் தனது புகையிலைத் தனியுரிமையைக் கைவிட்ட பின்னரும் இறக்குமதித் தீர்வை தொடர்ந்தது. எனவே, குடாநாட்டின் சிறு தோட்டக்காரர் ஒருவரின் வருவாய், அவர் கண்டறியாத ஒரு துறைமுகத்தின் தீர்வையிலும் அவர் அறியாத ஒரு வணிகரின் விலையிலும் தங்கியிருந்தது.

இப்பயிரின் கால ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. மாரி மழை தணியும் காலத்தில் நாற்று நடப்படும். எரு, இறைப்பு, கூலி என்பவற்றுக்கான செலவு அப்போது தொடங்கிவிடும். இலை வெட்டி, உணர்த்தி, குடிலில் புகையூட்டி, சிப்பமாகக் கட்டி விற்றுப் பணம் கைக்கு வருவதற்குப் பல மாதங்கள் செல்லும். இவ்விடைக்காலத்துக்கு உழவருக்குக் கடன் தேவைப்பட்டது. முற்பணம் கொடுத்த வணிகருக்கே புகையிலையை அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இதனால் ஏற்பட்டது. வேறு கடன் தேவைப்பட்டவர் நிலத்தை ஈடு வைத்தார், அல்லது ஒற்றிக்குக் கொடுத்தார். ஒற்றியில் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் பயனைக் கடன் கொடுத்தவரே அனுபவிப்பார். 1707 இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் இவ்வழக்கம் இடம்பெற்றுள்ளது. நிலம் குறைந்து குடித்தொகை பெருகிய ஒரு சமூகத்தில், ஒருமுறை ஒற்றிக்குப் போன நிலத்தை மீட்பது எளிதன்று.

சுருங்கக்கூறின், விளைவிக்கும் திறன் இங்கு இருந்தது. சந்தையும் இருந்தது. விளைவுக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட காலத்தை ஆளும் ஆற்றலே உழவரிடம் இருக்கவில்லை. அவ்வாற்றலை உருவாக்க முற்பட்டதே கூட்டுறவு இயக்கம் எனலாம்.

3. ஐக்கிய நாணய சங்கம்: சிறுமையின் வலிமை

இங்கிலாந்தில் றொச்டேல் நெசவாளர் 1844 இல் தொடங்கிய பண்டகசாலையும், செருமனியில் றைபைசன் கிராமிய உழவரிடையே கட்டியெழுப்பிய கடன் சங்கங்களும் உலகக் கூட்டுறவு இயக்கத்தின் இரு மூலங்களாகக் கொள்ளப்படுகின்றன. இந்தியாவில் 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இலங்கையில் 1911 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கடன் சங்கங்களுக்குச் சட்ட வடிவம் அளித்தது. 1921 இல் கடனல்லாத ஏனைய சங்கங்களுக்கும் இடமளிக்கப்பட்டது. குடியேற்ற ஆட்சியாளர் மேலிருந்து கொணர்ந்த ஏற்பாடாகவே இது தொடங்கியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், குடாநாட்டில் அது வேர்கொண்ட முறை தனித்து நோக்கத்தக்கது.

அக்காலத்தில் இவை 'ஐக்கிய நாணய சங்கம்' எனப் பெயர் பெற்றன. நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது. சொல்லின் இவ்விரு பொருளும் இச்சங்கங்களின் அமைப்பிலும் ஒன்றாயிருந்தன. சங்கத்தின் எல்லை ஒரு கிராமம், அல்லது அதன் ஒரு குறிச்சி. உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பொறுப்போ வரையறையற்றது. அதாவது, சங்கம் கடனைச் செலுத்தத் தவறினால் ஒவ்வோர் உறுப்பினரின் சொத்தும் அதற்கு ஈடாகும். இவ்விதி கடுமையானது போலத் தோன்றினும், கூட்டுறவு முகாமையின் உயிர்நாடி அதிலேயே இருந்தது. அயலவன் பெற்ற கடன் தன் தலைமீதும் விழக்கூடும் என்ற நிலையில், அக்கடன் எதற்காக எடுக்கப்படுகின்றது என்பதை ஒவ்வொருவரும் கவனிக்கவேண்டியவராயினர்.

நடைமுறை விதிகள் இதனைச் செயலாக்கின. சங்கம் முழுவதும் வெளியிலிருந்து பெறக்கூடிய உச்சத் தொகையையும், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் வழங்கக்கூடிய உச்சக் கடனையும் பொதுக்கூட்டமே தீர்மானித்தது. கடனுக்குப் பிணையாளர் வேண்டும். கடனின் நோக்கம் எழுத்தில் பதியப்படவேண்டும். புகையிலைச் செய்கைக்கான கடன் புகையிலை விற்கும் காலத்தில் திரும்பவேண்டும் என்றவாறு தவணை பயிரோடு பொருத்தப்பட்டது. ஆதாயம் உறுப்பினரிடையே பகிரப்படாது ஒதுக்கு நிதியிற் சேர்ந்தது. ஆண்டுதோறும் பதிவாளரின் அலுவலர் கணக்காய்வு செய்தனர்.

ஒதுக்கு நிதியின் பங்கு தனியாக வற்புறுத்தற்பாலது. சிறு சங்கமொன்று தன் ஆதாயத்தைப் பங்கிலாபமாகப் பிரித்திருந்தால், ஒவ்வோர் உறுப்பினருக்கும் கிடைத்திருக்கக்கூடியது அற்பத் தொகையே. அதனை ஆண்டாண்டாகச் சேர்த்தமையால், வெளியார் முதலில் தங்கியிருந்த சங்கம் படிப்படியாகத் தன் சொந்த முதலில் இயங்கும் வலிமை பெற்றது. ஒரு பருவம் மழையால் அழிந்தாலும் மறுபருவத்துக்குக் கடன் கொடுக்க முடிந்தது. வளர்ச்சி என்பது இங்கு ஆண்டொன்றில் எட்டிய பாய்ச்சலாக அமையவில்லை. இழப்பைத் தாங்கும் ஆற்றல் மெல்ல மெல்லக் கூடுவதாகவே அது அமைந்தது.

இம்முகாமையை நடத்தியவர் யார்? பெரும்பாலும் சம்பளம் பெறாத செயலாளரும் பொருளாளருமே. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் மிசனரிமாரும் சைவ அமைப்புகளும் நிறுவிய பள்ளிகள் குடாநாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் தொகையைப் பெருக்கியிருந்தன. கிராமத்துப் பாடசாலை ஆசிரியரும், அரசாங்க சேவையிலோ மலாயாவிலோ பணியாற்றி ஓய்வூதியத்தோடு மீண்டவரும் கணக்கெழுதவும் கடிதம் வரையவும் முன்வந்தனர். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கியவரும், 1952 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவருமான வ. வீரசிங்கம் இவ்வகைப் பணியாளருள் முதன்மையானவர். 1974 சனவரியில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு இடமளித்த வீரசிங்கம் மண்டபம், யாழ்ப்பாணக் கூட்டுறவாளர் அவர் பெயரால் எழுப்பிய கட்டடமாகும்.

4. விரிவின் படிமுறை

கிராமச் சங்கங்கள் பல தோன்றியதும், ஒன்றின் மிகுதியை மற்றொன்றின் தேவைக்குப் பயன்படுத்தும் நிறுவனம் அவசியமாயிற்று. 1929 இல் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு வங்கி தோன்றியமை இத்தேவையின் விளைவாகும். காலத்தை நோக்குமிடத்து இது குறிப்பிடத்தக்கது. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய ஆண்டு அது. 1925 இல் பெரிய செட்டிமார் நிறுவனமொன்று முறிந்ததன் பின்னர் இலங்கையில் உள்நாட்டுக் கடன் ஏற்பாடுகள் தளர்ந்திருந்தன. 1934 ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழுவும், 1939 இல் இலங்கை வங்கியின் தோற்றமும் அந்நெருக்கடியின் தொடர்ச்சியே. நாட்டளவில் வங்கிச் சீர்திருத்தம் பேசப்படுவதற்கு முன்னரே, குடாநாட்டின் சிறு சங்கங்கள் தமக்கென ஒரு வங்கியைக் கொண்டிருந்தன.

அடுத்த படி விற்பனை. கடனைக் குறைந்த வட்டிக்குக் கொடுத்தாலும், விலையை வணிகரே நிர்ணயிக்கும்வரை உழவரின் நிலை முழுமையாக மாறாது. 1930களில் இயங்கத் தொடங்கிய யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனவுச் சங்கம் இவ்விடத்திலேயே தலையிட்டது. விற்பனவுச் சங்கமொன்றின் செயல்முறை எளிமையானது. ஆயினும், ஒவ்வொரு படியிலும் கண்டிப்பை வேண்டுவது. உறுப்பினரின் புகையிலை நிறுக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படும். தரத்துக்கேற்ற முற்பணம் வழங்கப்படும். சரக்குக் கிட்டங்கியிற் சேர்ந்து, சங்கத்தின் பெயரால் மொத்தமாக விற்கப்படும். செலவு கழித்து எஞ்சியது அவரவர் கொடுத்த தரத்துக்கும் நிறைக்கும் ஏற்பப் பகிரப்படும்.

இதில் மிக நெருக்கடியான கட்டம் தரம் பிரித்தலே. தன் இலை முதல் தரம் எனக் கருதும் உறுப்பினரிடம் அது இரண்டாம் தரம் என்று கூறுவதற்கு வேண்டிய துணிவு, கணக்கெழுதும் திறனிலும் அரியது. உறவினருக்காகவோ ஊர்ப் பெரியவருக்காகவோ தரத்தை உயர்த்தினால், அந்த இழப்பை ஏனைய உறுப்பினர் அனைவரும் சுமப்பர். அடுத்த ஆண்டில் நல்ல இலை வைத்திருப்பவர் சங்கத்தை விட்டு வணிகரிடமே திரும்புவார். கூட்டுறவு விற்பனையின் எழுச்சியும் வீழ்ச்சியும் பெரும்பாலும் இவ்விடத்திலேயே தீர்மானமாகின்றன.

கூட்டுறவு முறை வணிக எல்லையையும் கடந்தது. வலிகாமம் மேற்கில் உள்ள மூளாயில் 1930களின் நடுப்பகுதியில் உருவான கூட்டுறவு வைத்தியசாலை இதற்குச் சான்று. கடனுக்குப் பயன்பட்ட பங்கு, பொதுக்கூட்டம், கணக்காய்வு ஆகிய அதே கருவிகள் மருத்துவ வசதியை ஏற்படுத்தவும் பயன்பட்டன. ஒரு துறையிற் பழகிய ஒழுங்கு மற்றொரு துறைக்கு இடம்பெயரக் கூடியது என்பதை இது காட்டுகின்றது. கடனிலிருந்து வங்கிக்கும், வங்கியிலிருந்து விற்பனைக்கும், அதிலிருந்து வைத்தியசாலைக்கும் இயக்கம் பரந்த வரிசை தற்செயலானதன்று. முன்னைய படியிற் பெற்ற பயிற்சி அடுத்த படியைத் தாங்கியது.

5. ஒழுங்கின் சமூக எல்லை

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, சிறு கிராமச் சங்கம் ஓர் இலட்சிய சனநாயகம் என்று முடிவு கட்டுவது வரலாற்றுப் பார்வையாகாது. வரையறையற்ற பொறுப்பு என்ற விதியையே மீண்டும் நோக்குவோம். ஒவ்வொருவரின் சொத்தும் கடனுக்கு ஈடு என்றால், சொத்தில்லாதவர் உறுப்பினராவது எவ்வாறு? பிணை நிற்பதற்கு நிலமுடைய அயலவர் தேவை என்றால், அவ்வயலவரின் வீட்டுத் திண்ணையில் ஏறவும் அனுமதிக்கப்படாத ஒருவருக்குப் பிணை நிற்பவர் யார்?

யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதியமைப்பு நில உடைமையோடு பிணைந்தது. தோட்டத்தில் இறைத்தவரும், கொத்தியவரும், பனையேறியவரும் பெரும்பாலும் அத்தோட்டத்தின் உடைமையாளர் அல்லர். கோயில், பாடசாலை, கிணறு, தேநீர்க்கடை என்னும் பொது இடங்கள் யாவற்றிலும் நிலவிய விலக்கு, கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் தொடாது விட்டிருக்கும் என எதிர்பார்க்க இயலாது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேறியது. அதனை நடைமுறைப்படுத்துவதற்காக 1960களின் பிற்பகுதியிலும் கோயில்களிலும் தேநீர்க்கடைகளிலும் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது.

ஆகவே, கிராமச் சங்கத்தின் வலிமையாக மேலே கூறப்பட்ட 'ஒருவரையொருவர் அறிதல்' இரு முகங்களைக் கொண்டது. உறுப்பினருள் அது நம்பிக்கை. உறுப்பினர் அல்லாதார் நோக்கில் அது வேலி. ஊதியமற்ற முகாமை என்ற சிறப்புக்கும் இது பொருந்தும். மாலைப்பொழுதைக் கணக்கேட்டுக்கு ஒதுக்கக்கூடியவர், மாலையிலும் கூலிவேலை செய்யவேண்டிய நிலையில் இல்லாதவரே. கூட்டுறவு இயக்கம் குடாநாட்டின் சிறு உடைமையாளரைக் கடனிலிருந்து காத்தது என்பது உண்மை. உடைமையற்றோரை அது தொடக்கத்தில் போதிய அளவு சென்றடையவில்லை என்பதும் அதனளவு உண்மை.

6. கட்டளையால் வளர்ந்த வளர்ச்சி

இரண்டாம் உலகப் போர் இயக்கத்தின் வேகத்தை முற்றிலும் மாற்றியது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கையின் அரிசி இறக்குமதி தடைப்பட்டது. பங்கீட்டு உணவை வழங்குவதற்காக ஐக்கிய பண்டகசாலைகள் நாடெங்கும் குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கில் தோன்றின. பஞ்சத்தையும் கள்ளச்சந்தையையும் எதிர்கொள்வதில் அவற்றின் பங்கு மறுக்கமுடியாதது. எனினும், கடன் சங்கத்தின் உறுப்பினர் தம் தேவையை உணர்ந்து கூடியவர். பண்டகசாலையின் உறுப்பினரோ பங்கீட்டுப் புத்தகத்தின் காரணமாகச் சேர்ந்தவர். பங்கீடு தளர்ந்தபோது பல கடைகள் நலிந்தமை வியப்புக்குரியதன்று.

1957 இல் அமைச்சர் பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அறிமுகமாயின. 1961 இல் மக்கள் வங்கி உருவானபோது கூட்டுறவு வங்கி அமைப்பு அதனுட் சென்றடங்கியது. யாழ்ப்பாணச் சங்கங்கள் 1929 முதல் வளர்த்த வங்கித்தொழில் இவ்வாறு தேசிய நிறுவனமொன்றின் பகுதியாயிற்று. மக்கள் வங்கி கிராமங்களுக்குக் கொண்டுசென்ற வசதிகள் பல. ஆயினும், வங்கியின் கணக்கைத் தம் பிரதிநிதிகள் வாயிலாகக் கேள்வி கேட்கும் நிலையிலிருந்த கிராமச் சங்கம், இப்போது அவ்வங்கியின் வாடிக்கையாளராக மாறியது.

மிகப் பெரிய மாற்றம் 1971 இல் நிகழ்ந்தது. கனடாவைச் சேர்ந்த லெயிட்லோ தலைமையிலான அரச ஆணைக்குழு 1970 இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, சிறு சங்கங்கள் இணைக்கப்பட்டு நாடு முழுவதிலும் 372 பெரிய பலநோக்குச் சங்கங்கள் உருவாக்கப்பட்டன. 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் புதிய ஒழுங்கை வரையறுத்தது. நெறியாளர் சபைகளில் நியமனம் பெற்றோரும் இடம்பெற்றனர்.

இம்மாற்றத்தை ஒரே சொல்லிற் பாராட்டவோ நிராகரிக்கவோ இயலாது. பயன்களை முதலில் நோக்குவோம். சிறு சங்கம் முழுநேர முகாமையாளரையோ கணக்காளரையோ அமர்த்த முடியாதது. பெரிய சங்கம் அவர்களை அமர்த்தியது, லொறி வாங்கியது, கிட்டங்கி கட்டியது. முன்னேறிய சாதியினர் சிலரின் குடும்பச் சொத்துப்போல் இயங்கிய சிறு சங்கங்களின் கதவு இணைப்பினால் திறக்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1970களின் முற்பகுதியில் மிளகாயும் வெங்காயமும் குடாநாட்டு உழவருக்கு நல்ல விலை தந்தபோது, உள்ளீடுகளை வழங்கவும் விளைவைக் கொள்வனவு செய்யவும் பரந்த அமைப்பொன்று தேவையாயிருந்தது.

இழப்பும் அத்தகையதே. ஒரு குறிச்சியின் சங்கத்தில், செயலாளர் கணக்கில் பிழைவிட்டால் அது அடுத்த கூட்டத்தில் வெளிவரும். பல கிராமங்களை உள்ளடக்கிய சங்கத்தின் ஐந்தொகையைச் சாதாரண உறுப்பினர் படித்தறிவது அரிது. தன் கிளைக் கடையில் ஏற்பட்ட நட்டம், வேறொரு கிளையின் ஆதாயத்தில் மறைந்துபோவதை அவர் காணமாட்டார். பதவிநியமனங்கள் தொகுதி அரசியலோடு பிணைந்தபோது, முகாமையாளரின் கண் உறுப்பினரை விட்டு மேலிடத்தை நோக்கித் திரும்பியது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் சந்தைக்கு வந்தன. பங்கீட்டுத் தனியுரிமையும் சுருங்கியது. அப்போது, பாதுகாக்கப்பட்ட சந்தையில் அளவாற் பெருத்த சங்கங்கள் பல இடருற்றன. ஒதுக்கு நிதியும் உறுப்பினர் பற்றும் உடையவை தாங்கி நின்றன.

இங்கு அளவு தானாகவே குற்றமாகாது. அளவு பெருகும்போது, அதற்கு ஈடாகக் கணக்கைக் கீழிருந்து நோக்கும் வழிகளும் பெருகவேண்டும். கிளைக்குழுவுக்குத் தன் கடையின் இலாப நட்டத்தை மாதந்தோறும் அறியும் உரிமை, நியமனத்துக்கு மாறாகத் தேர்தல், தாமதமற்ற கணக்காய்வு என்பன அவற்றுட் சில. கட்டளையால் வந்த வளர்ச்சியில் பெருகியது முதலாவது மட்டுமே.

7. பனையும் ஒழுங்கும்: விலக்கப்பட்டோரின் சான்று

இக்காலத்தில் நிகழ்ந்த வேறொரு மாற்றம், கூட்டுறவு ஒழுங்கு உடைமையாளர்க்கே உரியது என்ற எண்ணத்தைப் பொய்ப்பித்தது. கள்ளிறக்கும் தொழிலாளர் நெடுங்காலமாகத் தவறணைக் குத்தகையாளரில் தங்கியிருந்தனர். பனையின் உயரத்தையும் விழுந்துவிடும் ஆபத்தையும் ஏற்றவர் தொழிலாளி. விலையை நிர்ணயித்தவர் குத்தகையாளர். 1972 இல் இம்முறை மாற்றப்பட்டு, தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களிடம் கள் விற்பனை ஒப்படைக்கப்பட்டது. பின்னர் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என அறியப்பட்டவை இவையே. 1978 இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைக்கப்பட்டது.

முகாமை நோக்கில் கள் மிகக் கடினமான பண்டம். புகையிலையைப் போல அதனைக் கிட்டங்கியில் வைத்து விலையேற்றத்துக்குக் காத்திருக்க முடியாது. காலையில் இறக்கியது அன்றே விற்கப்படவேண்டும். பருவத்தில் மிகையாகவும் ஏனைய காலத்தில் குறைவாகவும் சுரக்கும். ஒவ்வொருவரும் கொண்டுவருவதை நாளுக்கு இருமுறை அளந்து, தரம் பார்த்து, பதிந்து, கணக்குத் தீர்க்கவேண்டும். மிகுதிக் கள்ளைப் போத்தலில் அடைப்பதும், வடமராட்சியில் திக்கம் வடிசாலையிற் போலச் சாராயமாக வடிப்பதும் இப்பருவ ஏற்றத்தாழ்வைச் சமாளிக்கும் வழிகளாயின. எழுத்தறிவும் நிலமும் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த ஒரு தொழிலாளர் பிரிவு இத்தகைய அன்றாடக் கணக்கொழுங்கைத் தன் சங்கங்களினூடாக நடத்தியது. விற்பனையில் ஒரு பகுதி உறுப்பினரின் சேமிப்பாகவும் நலநிதியாகவும் திரும்பியது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ஒழுங்கு ஒரு சாதியின் பண்போ ஒரு வகுப்பின் பரம்பரைச் சொத்தோ அன்று. உழைப்பின் பயன் தனக்கே வரும் என்ற உறுதியும், அளவுக்கோலைத் தானே பார்க்கும் உரிமையும் கிடைக்குமிடத்து அது தோன்றுகின்றது.

8. முடிவுரை

மூன்று தசாப்தப் போர் இச்சங்கங்களின் கட்டடங்களையும் ஏடுகளையும் உறுப்பினரையும் சிதறடித்தது. 1990 முதல் நிலவிய பொருளாதாரத் தடையின்போதும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின்னரும், நிவாரண உணவை மக்களிடம் சேர்ப்பதில் பலநோக்குச் சங்கங்கள் பங்காற்றின. 2009 இல் போர் முடிந்ததும் வடக்குக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பெருந்தொகையாக வந்தன. அவற்றுள் நுண்கடன் நிறுவனங்களின் செயற்பாடு இக்கட்டுரையின் வினாவோடு நேரடித் தொடர்புடையது.

அந்நிறுவனங்களில் முகாமை ஒழுங்கு குறைவாயிருந்தது எனக் கூற முடியாது. வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த வீட்டு முற்றத்தில் பணம் அறவிடப்பட்டது. ஏடுகள் செம்மையாயிருந்தன. அயலவரே ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். ஐக்கிய நாணய சங்கத்தின் கருவிகள் யாவும் அங்கே காணப்பட்டன. வட்டி வீதத்தை நிர்ணயித்தவரும் ஆதாயத்தைப் பெற்றவரும் மட்டுமே வேறாயினர். பிணை நின்ற பெண்களுக்குக் கடன் எல்லையைத் தீர்மானிக்கும் கூட்டம் இருக்கவில்லை. அவர்கள் செலுத்திய வட்டி அவர்களின் ஒதுக்கு நிதியாகச் சேரவுமில்லை. தவணை வருவாயோடு பொருந்தாது வாரத்தோடு பொருந்தியது. இறுதியில், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்கும் திட்டத்தை 2018 இல் அரசாங்கமே அறிவிக்கவேண்டி வந்தது.

ஆகவே, கண்டிப்பான முகாமையும் தவறாத செயலாக்கமும் நிலைபேறான வளர்ச்சிக்கு இன்றியமையாதன என்ற கூற்று அரைகுறை உண்மையே. ஒழுங்கு யாரிடமிருந்து யாரை நோக்கிச் செல்கின்றது என்பதைச் சேர்த்துக் கூறும்போதே அது முழுமை பெறும். மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் செல்லும் ஒழுங்கு அறவீடாக முடிகின்றது. கீழிருந்து மேல்நோக்கிக் கணக்குக் கேட்கும் ஒழுங்கே நிறுவனத்தை வளர்க்கின்றது. யாழ்ப்பாணத்துச் சிறு சங்கங்கள் தம் வேலிக்குள் இதனைச் சாதித்தன. அவ்வேலி அகற்றப்பட்ட காலத்தில், கேள்வி கேட்கும் உரிமையும் அதனோடு குறைந்துபோயிற்று. பனைத் தொழிலாளரின் சங்கங்களோ விலக்கப்பட்டோர் அவ்வுரிமையைப் பெற்றால் விளைவது யாது என்பதைக் காட்டின.

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கிராமிய உற்பத்தியையும் கூட்டுறவையும் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. புதிய சங்கங்களுக்குக் கட்டடமும் இயந்திரமும் முதலும் வேண்டப்படுவது இயல்பே. ஆயினும், அவற்றைத் திட்டமிடுவோர் முதலிலே விடைகாண வேண்டிய வினா வேறு. நிலமற்ற கூலியாளரும், கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்ணும், கடற்கரையிற் கூலிக்கு வலை இழுப்பவரும் அச்சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து ஏட்டைத் திறந்து காட்டும்படி கேட்க முடியுமா? முடியுமாயின் அச்சங்கம் தன் இழப்புகளையும் தாங்கி வளரும். முடியாதாயின், எத்துணை திறமையான முகாமையாளரும் அதனை நீண்டநாள் காக்க இயலாது.